சீன மரபூரைப் பயணிகளின் கண் எப்படிப் பார்க்கிறது: களத்தில் கண்டறியும் வழி

சீனாவின் பழைய ஊர் ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வருபவரிடம் "இங்கே எது உங்களுக்குப் பிடித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, குளத்தில் விழும் வீடுகளின் நிழல் என்று பதில் வரும். அதில் எவ்வளவு அன்றைக்குக் கண்ணால் கண்டது, எவ்வளவு கிளம்பும் முன்பே கைப்பேசியில் பார்த்து வைத்தது என்று அவருக்கே தெரியாது. வினாத்தாளில் "குதிரைத்தலைச் சுவர் எந்த அளவுக்குப் பிடித்தது?" என்று அச்சடித்து நீட்டினால் குழப்பம் இன்னும் கூடும். கூரைக்கு மேல் படிப்படியாக எழும் அப்படியொரு சுவர் இருந்ததையே கவனிக்காதவர்கூட ஐந்துக்கு நான்கு போட்டுவிட்டுப் போவார். பெயர் சொல்லிக் கேட்டால் பெயருக்குத்தான் பதில் வரும்.

அதனால் இங்கே சொல்லப்போகும் முறைக்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. பயணியின் கண் எங்கே நின்றது என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து அவர் மனத்தில் ஊர் எப்படிப் பதிந்தது என்று வரையச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதன்பின் அவர் தாமாக எழுதியதைப் படிக்க வேண்டும். நம்முடைய சொற்கள் அடங்கிய வினாத்தாள் எல்லாவற்றுக்கும் கடைசி. கட்டடக்கலை, புவியியல், சுற்றுலா படிப்பவர்கள் ஆய்வேட்டுக்காகவும், ஊர்ப் பாதுகாப்புத் திட்டம் தீட்டுபவர்கள் வேலைக்காகவும் இதை அப்படியே பயன்படுத்தலாம்.

எந்த ஊர்

சீன அரசு 2012-ல் மரபூர்ப் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. முதல் தொகுதியில் 646 ஊர்கள் இடம்பெற்றன. 2023-ல் ஆறாம் தொகுதியும் சேர்ந்தபின் எண்ணிக்கை 8,155 ஆனது. இவற்றில் பெரும்பாலானவை அமைதியாகக் கிடக்கும் ஊர்கள். பயணிகளின் பார்வையை ஆராய, நாள்தோறும் போதிய ஆள் வந்துபோகும் ஊர் வேண்டும். ஆன்ஹுய் மாநிலம் யீ மாவட்டத்தில் உள்ள ஹோங்சுன், ஷீதி ஆகிய இரண்டும் 2000-ல் உலக மரபுச் சின்னங்களாயின. நுழைவுச்சீட்டு, கூட்டம், இணையத்தில் குவிந்திருக்கும் பயணக் குறிப்புகள் எல்லாமே இவற்றுக்கு உண்டு. கீழே வரும் எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் ஹோங்சுன்னையே எடுத்துக்கொள்கிறோம். ஊர் முழுக்க ஒரே நீரோட்டத்தின் மேல் கட்டப்பட்டிருப்பதால், பயணி எதைப் பார்த்தார், எதைத் தவறவிட்டார் என்பது அங்கே துல்லியமாகத் தெரியும்.

முதலில் ஊரை நீங்கள் படியுங்கள்

ஊரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், பயணி எதைக் காணவில்லை என்று சொல்ல முடியாது. இதற்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் நீரைப் பின்தொடர்ந்து நடங்கள், மறுநாள் பயணிகள் போகும் பாதையில் நடங்கள். இந்த இரண்டு நடையும் எங்கே ஒன்றையொன்று விட்டு விலகுகின்றனவோ, அங்கேதான் ஆய்வின் உயிர் இருக்கிறது.

ஹோங்சுன்னில் நீர் வரும் வழி இது: ஊருக்கு மேற்பக்கம் ஓடும் ஷீஷி ஓடையைத் தடுத்து, நீரைக் கல் பாவிய வாய்க்காலில் திருப்பியிருக்கிறார்கள். ஓரடி, இரண்டடி அகலத்தில் சந்துகளின் ஓரமாகவே ஓடும் அந்த வாய்க்கால், சில வீடுகளின் முற்றத்துக்குள்ளும் புகுந்து வெளியே வருகிறது. நடு ஊரில் யுவேஜாவ் என்ற பிறைக்குளத்தை நிரப்பிவிட்டு, தெற்கே நான்ஹு என்ற ஏரியில் போய்ச் சேர்கிறது. குளம் மிங் அரச காலத்தில், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. ஏரி 1607-ல் முடிந்தது. ஊரார் இந்த அமைப்பை ஒரு மாடாகச் சொல்வார்கள்: வடக்கே லெய்காங் குன்று தலை, அதன் அடியில் நிற்கும் முதுமரங்கள் கொம்பு, வாய்க்கால் குடல், பிறைக்குளம் இரைப்பை, ஏரி வயிறு, பாலங்கள் கால். காலை எட்டு மணிக்கு முன் குடிக்க நீர் எடுப்பது, அதற்குப் பின்பே காய்கறி, துணி கழுவுவது என்று பழைய வழக்கம் இருந்ததாகவும் சொல்வார்கள்.

பயணி பார்ப்பது வேறு. ஏரிக்கரையில் ஒரு படம், ஏரியின் நடுவே வளைந்த பாலத்தில் ஒரு படம், குளத்தங்கரையில் நான்கைந்து. காலடியில் ஓடும் வாய்க்காலை அவர் தாண்டிப் போகிறார்.

நடந்து பார்த்ததை ஒரு பட்டியலாக்க வேண்டும். நம்முடைய திணை இலக்கணத்தின் முப்பொருளே இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் முதற்பொருள், அதாவது இடமும் பொழுதும்: மலை, வயல், ஏரி, ஊர்வாயில், சந்து, முற்றம், விடியல், நண்பகல், மழை, பனிமூட்டம். இரண்டாவதில் கருப்பொருள்: மரம், சுவர், ஓடு, பாலம், வாய்க்கால், வாத்து, காயப்போட்ட மிளகாய், கடைப் பலகை, வழிகாட்டியின் ஒலிபெருக்கி, புளிக்கவைத்த மீனின் வாடை. மூன்றாவதான உரிப்பொருளை இப்போது காலியாக விடுங்கள். அமைதி, நெரிசல், ஏக்கம், ஏமாற்றம் என அதை நிரப்ப வேண்டியவர் பயணி. பட்டியல் 40 பொருளைத் தாண்டினால் பின்னால் குறியிடும்போது கை வலிக்கும். 25 முதல் 35 வரை போதும்.

சில பொருள்களின் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குதிரைத்தலைச் சுவர் கூரைக்கு மேல் படிப்படியாக எழும்பி நிற்பது ஒரு வீட்டுத் தீ மறுவீட்டுக்குத் தாவாமல் இருக்க. தியான்ஜிங் எனப்படும் வான்முற்றத்தைத் திறந்து வைத்திருப்பது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். நான்கு பக்கக் கூரைகளின் மழைநீரும் அதற்குள் விழும்படி வைத்திருப்பது, ஹுய்ஜோவ் (இவ்வட்டாரத்தின் பழைய பெயர்) வணிகர்களுக்கு நீர் செல்வத்தின் அடையாளம் என்பதால். ஷுய்கோ எனப்படும் நீர்வாய், ஓடை ஊரைவிட்டு வெளியேறும் இடம். அங்கே மரங்களும் பாலமும் மண்டபமும் வைத்து ஊரின் வாசலாக்குவார்கள். இன்றைக்கு வண்டி நிறுத்துமிடமும் சீட்டு வாங்கும் இடமும் வேறு பக்கம் அமைந்துவிட்டால், பயணி அந்த வாசலைப் பார்க்காமலே உள்ளே வந்துவிடுகிறார். உங்கள் ஊரில் அப்படி நடக்கிறதா என்று முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் மாறினால் பட்டியலும் மாறும். ஃபூஜியானின் தூலோவில் மண் அடித்துக் கட்டிய வட்டக் கோட்டை வீடு ஒன்றே மொத்தக் காட்சியாகிவிடும். குவாங்டோங்கின் கைபிங்கில் நெல்வயல் நடுவே கோபுர வீடுகள் தனித்தனியாக நிற்பதால் தொலைவுக்காட்சி முக்கியம். யுன்னானின் ஹானி மக்களின் படிவயல்களில் காடு, ஊர், வயல், நீர் என்ற நான்கும் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். பயணிகள் பலர் காட்சி மேடையில் நின்றே திரும்பிவிடுவார்கள். குய்ஜோவின் ஜாவ்ஷிங்கில் ஐந்து முரசுக் கோபுரங்கள், ஷீஜியாங்கில் மலைச்சரிவில் அடுக்கடுக்கான மரவீடுகள், இரவு விளக்கு. ஹோங்சுன் பட்டியலை அங்கே கொண்டுபோய் ஒட்டினால் பாதிப் பெட்டிகள் காலியாகவே இருக்கும்.

அனுமதி

இதை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கியவர்கள் நடுவழியில் நின்றிருக்கிறார்கள். வெளிநாட்டு அமைப்போ தனிநபரோ சீனாவுக்குள் நேரடியாகச் சமூகக் கணக்கெடுப்பு நடத்த முடியாது. 2004-ல் வந்த விதிப்படி, உரிமம் உள்ள சீன நிறுவனத்தின் வழியாக, அனுமதி பெற்றே நடத்த வேண்டும். நிலஅளவை, வரைபடத் தரவு திரட்டல் ஆகியவற்றுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றைக் கூட்டாளியாக்குவதே முதல் படி. 2021 நவம்பர் 1 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. பெயர், கைப்பேசி எண், முகம் தெரியும் படம் எதையும் ஒப்புதல் இல்லாமல் திரட்டாதீர்கள். ஊர்க் குழுவிடமும் சுற்றுலாவை நடத்தும் நிறுவனத்திடமும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம்.

கண் எங்கே நின்றது: பயணிகளே எடுக்கும் படங்கள்

முழு முறையிலும் அதிக உண்மை கிடைப்பது இங்கேதான். நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

வாயிலில் 36 பேரைச் சேருங்கள். பேருந்துக் குழுவில் 12 பேர், தனியாகவோ குடும்பமாகவோ வந்தவர்கள் 12 பேர், ஊருக்குள் மின்சு எனப்படும் வீட்டுவிடுதியில் இரவு தங்குபவர்கள் 12 பேர். ஓவியம் வரைய வரும் மாணவர்கள் ஹோங்சுன்னில் நிறைய. அவர்களை இந்தக் கணக்கில் கலக்கக் கூடாது. ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் கண் வேறு வகை. வேண்டுமானால் தனிக் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "உங்களுக்கு முக்கியம் என்று பட்ட இடங்களில் 12 படம் எடுங்கள். அதில் 3 படமாவது பிடிக்காததாக இருக்கட்டும்." 'அழகு', 'மரபு', 'கட்டடம்' போன்ற சொற்களை வாயால் சொல்லாதீர்கள். சொன்ன அடுத்த நொடி அவர் கண் அதைத் தேட ஆரம்பித்துவிடும். பிடிக்காதது மூன்று என்று கட்டாயம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், விருந்தாளி மரியாதையில், குறையை யாரும் படமெடுக்க மாட்டார்கள். கையகல அட்டை ஒன்று கொடுங்கள். 12 வரி, வரிக்கு மூன்று கட்டம்: எங்கே, ஏன், பிடித்ததா இல்லையா. 'ஏன்' என்ற கட்டத்தில் வரும் சொற்கள்தான் நீங்கள் காலியாக விட்ட மூன்றாம் பத்தியை நிரப்பும்.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. பன்னிரண்டையும் முதல் இருபது நிமிடத்தில் எடுத்து முடித்துவிடுவார்கள். ஹோங்சுன்னில் அது ஏரிக்கரையோடு நின்றுவிடும். ஷீதியில் ஊர் முகப்பிலேயே 1578-ல் எழுப்பிய மூன்று வாயில் கல்வளைவு நிற்கிறது. பாதிப் படத்தை அது விழுங்கிவிடும். இதற்கு அட்டையை மூன்று பகுதியாகப் பிரித்து, மணிக்கு நான்கு படம் என்று வைத்தால் சரியாகும். இரண்டாவது சிக்கல், தன்படம். அதைத் தடுக்காதீர்கள், பின்னணியில் எது இருக்கும்படி நின்றார் என்று மட்டும் குறியுங்கள். தாம் எந்தக் காட்சிக்கு முன்னால் நிற்க விரும்பினார் என்பதும் பார்வைதான். மூன்றாவது, படத்தைத் திரும்பப் பெறும்போது நேர்வது. வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த நேரமும் இடமும் காணாமல் போகும். 'மூலப்படம்' என்பதைத் தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது வெளியேறும் வாயிலிலேயே கேபிள் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

இடக்குறிப்பில் பெரிய பொறி ஒன்று உண்டு. கைப்பேசி பதிவது பெரும்பாலும் உலகப் பொதுவான டபிள்யூ.ஜி.எஸ்-84 ஆயத்தொலை. சீன வரைபடச் செயலிகள் ஜி.சி.ஜே-02 என்ற நகர்த்தப்பட்ட முறையில் இயங்குகின்றன. பைடு வரைபடம் அதற்கும் மேலே இன்னொரு நகர்த்தல் செய்கிறது. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் புள்ளிகள் சில நூறு மீட்டர் தள்ளிப் போகும். நகரத்தில் அது சின்னப் பிழை. குளத்துக்கும் ஏரிக்கும் சில நிமிட நடையே உள்ள ஊரில், குளத்தங்கரைப் படமெல்லாம் வயல் நடுவே போய் விழும். முதலில் கல்வளைவு, பாலம் போன்று ஐயமில்லாத மூன்று இடங்களில் நீங்களே படமெடுத்து, வரைபடத்தில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இனிக் குறியிடல். 36 பேருக்கு 12 என்றால் 432 படம். ஒவ்வொன்றின் மேலும் நான்குக்கு நான்கு கட்டம் போட்டு 16 அறையாக்குங்கள். ஒவ்வோர் அறையிலும் மேலோங்கி இருப்பது எது என்று உங்கள் பட்டியலிலிருந்து ஒரு குறி இடுங்கள்: வானம், நீர், சுவர், கூரை, மரம், மனிதர், கடை. படத்துக்கு இரண்டு நிமிடம் வைத்தால் ஒருவருக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேர வேலை. இதை இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் செய்ய வேண்டும். முதல் 50 படத்துக்குப் பின் ஒப்பிடுங்கள். இருவரின் குறிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோஹன் காப்பா என்ற அளவு 0.7-க்குக் கீழே இருந்தால் குறியின் வரையறை சரியில்லை என்று பொருள். பெரும்பாலும் சண்டை வருவது நீரில் விழுந்த நிழலில்தான்: அது நீரா, சுவரா? 'நீரில் தெரியும் சுவர்' என்று தனிக் குறி வைத்துவிடுங்கள். பிறைக்குளப் படங்களில் அதுவே தனிப் பொருள். குளத்தின் நேர்க்கோட்டுக் கரை வடக்கே, குலமண்டபத்தின் முன்னால் இருக்கிறது. தெற்கு வளைவில் நிற்பவருக்குச் சுவரும் ஓடும் மலையும் தலைகீழாக நீரில் கிடைக்கும். காற்று எழுந்தால் அந்தப் படம் கிடைக்காது. ஆகவே நேரத்தையும் காற்றையும் குறிக்க மறக்காதீர்கள்.

மனத்தில் எது பதிந்தது: வரையச் சொல்லுங்கள்

வெளியே வந்தவரிடம் ஏ4 வெள்ளைத்தாள், பென்சில், பத்து நிமிடம். "இங்கே வராத நண்பருக்கு வழி சொல்வதுபோல் ஊரை வரைந்து காட்டுங்கள்." வரையத் தெரியாது என்பார்கள், பெட்டியும் கோடும் போதும் என்று சொல்லுங்கள். எதை முதலில் வரைகிறார் என்று ஓரத்தில் எண் போட்டுக்கொண்டே வாருங்கள். வரிசை முக்கியம். 30 தாள் கிடைத்தால் நல்லது.

படிக்கும் முறை கெவின் லிஞ்ச் 1960-ல் வகுத்த ஐந்து கூறுகள்: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளப் பொருள். ஒவ்வொரு தாளிலும் இவற்றை எண்ணுங்கள். ஹோங்சுன்னில் இதோடு இன்னொரு சோதனையும் சேருங்கள், அதுதான் கூர்மையானது: குளத்தையும் ஏரியையும் இணைத்துக் கோடு இருக்கிறதா? இரண்டும் தனித்தனிக் குட்டையாகக் கிடந்தால், அவர் இரண்டு அழகான நீர்நிலையைப் பார்த்திருக்கிறார், ஊரை இயக்கும் நீரோட்டத்தைப் பார்க்கவில்லை. கோடு போட்டவர்களின் பாதையைப் படப்புள்ளிகளோடு ஒப்பிட்டால், எந்தச் சந்தில் நடந்தவர்களுக்கு வாய்க்கால் கண்ணில் பட்டது என்று தெரிந்துவிடும்.

தாமாக எழுதியவை: இணையக் குறிப்புகள்

சீட்ரிப், மாஃபெங்வோ, தியான்பிங், ஷியாவ்ஹோங்ஷு ஆகிய தளங்களில் சீனப் பயணிகள் நீளமாகவே எழுதுகிறார்கள். ஓர் ஊருக்கு 1,000 முதல் 2,000 குறிப்புகள் போதும். தளத்தின் விதி அனுமதிக்கும் வழியில் மட்டும் எடுங்கள், எழுதியவரின் பெயரை முதல் படியிலேயே நீக்குங்கள். ஒரே உரை பல இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றையும் விடுதி விளம்பரங்களையும் களையுங்கள்.

நட்சத்திர மதிப்பை நம்ப வேண்டாம். பெரும்பாலும் நான்கும் ஐந்துமாகவே இருக்கும். நுழைவுச்சீட்டு விலைக்காக ஒன்று போட்டவர், அதே குறிப்பில் காட்சியை மனமாரப் புகழ்ந்திருப்பார். சொற்களைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சீன எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ஜியேபா போன்ற பிரிப்புக் கருவி வேண்டும். அதை அப்படியே ஓட்டினால் 'மாதோசியாங்' என்ற குதிரைத்தலைச் சுவர் 'குதிரைத்தலை', 'சுவர்' என்று உடையும். கடைசியில் ஊரில் குதிரைகள் அதிகம் என்று முடிவு வரும். ஊருக்கான தனிச்சொல் கோப்பு ஒன்றை, வரிக்கு ஒரு சொல்லாக, 100 முதல் 150 சொல்லுக்குத் தயாரியுங்கள்: இடப்பெயர், கட்டட உறுப்பு, உணவு, 'வெண்சுவர் கருவோடு' போன்ற நான்கெழுத்துச் சீனத் தொடர்கள். அடுத்து ஒரே பொருளின் பல பெயர்களை ஒன்றாக்குங்கள். பிறைக்குளத்தை யுவேஜாவ், யுவேதாங் என்று ஆளுக்கு ஒன்றாக எழுதுவார்கள். இணைக்காவிட்டால் ஊரின் நடு இதயமே பட்டியலில் பாதியாகக் குறைந்து தெரியும்.

எதிர்மறையைக் கையால் பாருங்கள். 'வணிகமயம்' என்ற சொல் இருநூறு முறை வந்தது என்பதில் ஒன்றுமில்லை. 'மிகவும் வணிகமயம்' என்பதும் 'அவ்வளவாக வணிகமயம் ஆகவில்லை' என்பதும் நேர் எதிர். அச்சொல் வரும் இடங்களில் 100-ஐ எடுத்து முன்பின் வரிகளோடு வாசியுங்கள். தேய்ந்த தொடர்களையும் தனியே ஒதுக்குங்கள். 'உலகுக்கு அப்பாலுள்ள பீச் மலர் ஊற்று', 'சீன ஓவியத்துக்குள் இருக்கும் ஊர்' என்பவை பயணியின் நாவில் தயாராக இருக்கும் சொற்கள். இரண்டாவது ஹோங்சுன்னின் விளம்பர வாசகமாகவே புழங்குகிறது. அவை எதிர்பார்ப்பைக் காட்டும், பார்த்ததைக் காட்டாது. மாறாக, "மழையில் வாய்க்காலின் சத்தம் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தால் அது பார்த்தவரின் வரி. இப்படிப்பட்ட வரிகளைத் தனிக் கோப்பில் சேருங்கள். எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் ஆய்வில் இவற்றுக்குத்தான் எடை.

குறிப்பு எழுதிய மாதத்தையும் சேர்த்து வையுங்கள். ஜியாங்ஷியின் ஊயுவான் பகுதியில் மார்ச், ஏப்ரலில் கடுகுப்பூ மஞ்சள்தான் எல்லாக் குறிப்பிலும் இருக்கும். அதே பகுதியின் ஹுவாங்லிங்கில் இலையுதிர் காலத்தில் மாடிகளில் மூங்கில் தட்டுகளில் உலரும் மிளகாயும் சோளமும் முன்னே வரும். மாதத்தைக் கலந்துவிட்டால் இரண்டு ஊர்கள் ஒன்றாகிவிடும்.

படத்துக்கு மதிப்பெண்

எந்தக் காட்சியை எவ்வளவு விரும்புகிறார்கள் என்று ஒப்பிட, டேனியலும் பாஸ்டரும் 1976-ல் அமெரிக்க வனத்துறைக்காக வகுத்த காட்சியழகு மதிப்பீட்டு முறை இன்றும் எளிது. இதற்குப் பயணிகளின் படத்தைப் பயன்படுத்த முடியாது. நீங்கள் ஒரே சீராக எடுத்தவை வேண்டும். கண் உயரம், அதாவது தரையிலிருந்து 1.6 மீட்டர், ஒரே லென்ஸ், கிடைவாக்கு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், வடிகட்டி எதுவும் வேண்டாம். ஒரு படம் வெயிலிலும் மறுபடம் மூட்டத்திலும் எடுக்கப்பட்டிருந்தால், நீங்கள் அளப்பது வானிலையைத்தான்.

40 முதல் 60 படம், ஒவ்வொன்றும் 8 நொடி, 1 முதல் 10 வரை மதிப்பெண். முதலில் ஐந்து படம் பழக்கத்துக்காகக் காட்டுங்கள், அவற்றின் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாதிப் பேருக்கு வரிசையைத் தலைகீழாக்குங்கள். கடைசியில் வரும் படத்துக்குச் சலிப்பில் ஒரு புள்ளி குறைவது அப்போதுதான் சமமாகும்.

மதிப்பெண்களை நேரே சராசரி போடாதீர்கள். தாராளமாகப் போடுபவரும் இறுக்கிப் பிடிப்பவரும் இருப்பார்கள். ஒருவரின் மொத்தச் சராசரி 7.2, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 1.5, குளத்துப் படத்துக்கு 9 கொடுத்தார். 9-லிருந்து 7.2-ஐக் கழித்து 1.5-ஆல் வகுத்தால் 1.2. இன்னொருவரின் சராசரி 4.2, விலக்கம் அதே 1.5, அவர் கொடுத்தது 6. கணக்கிட்டால் அதுவும் 1.2. ஒன்பதும் ஆறும் இங்கே ஒரே விருப்பத்தைச் சொல்கின்றன. இப்படி மாற்றியபின் படத்துக்குப் படம் சராசரி எடுங்கள்.

இணைப்படங்கள் சேர்த்தால் பயன் இரட்டிப்பாகும்: ஒரே சந்து, கடைப் பலகையோடும் இல்லாமலும்; ஒரே சுவர், மழைக்கறை படிந்தபடியும் புதிதாகச் சுண்ணாம்பு பூசியபின்னும்; ஒரே குளத்தங்கரை, ஆளில்லாமலும் காய் கழுவும் ஊர்ப்பெண்ணோடும் கொடி பிடித்த குழுவோடும். மனிதர் என்ற ஒரே குறிக்குள் ஊராரையும் கூட்டத்தையும் அடைத்துவிடுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. பயணியின் கண் இருவரையும் ஒன்றாகப் பார்க்கிறதா என்று கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வினாத்தாள், கடைசியில்

இப்போது உங்கள் கையில் பயணிகளின் படத்திலும் வாயிலும் வந்த சொற்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்தே வினாத்தாளைக் கட்டுங்கள். எதிரெதிர்ச் சொல் இணைகள் 8 முதல் 12, ஒவ்வொன்றுக்கும் ஏழு படி: அமைதி–இரைச்சல், வாழும் ஊர்–காட்சிக்கூடம், திறந்தது–அடைந்தது, வழி புரிகிறது–புரியவில்லை. நல்ல சொல்லை எப்போதும் ஒரே பக்கத்தில் வைத்தால் பேனா நேர்க்கோட்டில் இறங்கிவிடும். மாற்றி மாற்றி வையுங்கள். பொருள்களைப் பற்றிக் கேட்கும் இடத்தில் 'கவனிக்கவில்லை' என்ற கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் விழும் குறிகளே பல நேரம் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்படும்.

95 விழுக்காடு நம்பகத்தில் ஐந்து விழுக்காடு பிழைக்கு 385 தாள் தேவை. பாதியில் விட்டுப்போவோரைக் கணக்கிட்டு 450 அச்சடியுங்கள். வெளியேறுபவர்களில் ஒவ்வோர் ஐந்தாமவரையும் நிறுத்துங்கள். சிரித்த முகமாகப் பார்த்துத் தேர்ந்தால் இளைஞர்கள் மட்டுமே சேர்வார்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பேருந்துக் குழுவைப் பிடிக்க ஏற்ற இடம் வண்டிக்குக் காத்திருக்கும் நிழல்; ஊருக்குள் நிறுத்தினால் வழிகாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார். சீனத்தில் மொழிபெயர்த்ததை இன்னொருவர் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவந்து பார்க்கட்டும். 'பழமையான' என்பது ஒரு மொழியில் பெருமையாகவும் மறுமொழியில் பாழடைந்ததாகவும் ஒலிக்கும்.

வார நாள், வார இறுதி இரண்டிலும் எடுங்கள். அக்டோபர் முதல் வார விடுமுறையை ஒன்று முழுதாகத் தவிருங்கள், அல்லது தனித் தொகுதியாக வையுங்கள். அந்த வாரம் எல்லா விடையிலும் கூட்டம் மட்டுமே இருக்கும்.

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது

ஊரின் பெரிய வரைபடம் ஒன்றை ஏ3 தாளில் அச்சிட்டு, மேலே மூன்று ஒளிபுகும் தாள்களைப் போடுங்கள். ஒன்றில் நீர் ஓடும் வழி, ஒன்றில் படப்புள்ளிகள், ஒன்றில் வரைந்த தாள்களில் வந்த இடங்கள். கணினியில் செய்தாலும் ஒருமுறை கையால் செய்து பார்ப்பது நல்லது. புள்ளிகள் மொய்க்கும் இடம், ஒன்றுமே இல்லாத வெற்றிடம், படத்தில் வந்து நினைவில் வராத இடம் என மூன்று வகை உடனே தெரியும். வெற்றிடத்துக்குக் காரணம் ஒன்றாக இருக்காது. வாயில் மூடியிருக்கலாம், பலகை இல்லாதிருக்கலாம், வழிகாட்டியின் நேரம் போதாமலிருக்கலாம். அங்கே போய் அரை மணி நின்று, யார் திரும்பிப் போகிறார்கள், எந்த முனையில் திரும்புகிறார்கள் என்று பாருங்கள்.

இதே வரைபடத்தை ஊரார் பத்துப் பேரிடம் காட்டி, அவர்களுக்கு முக்கியமான இடத்தில் குறியிடச் சொல்லுங்கள். குலமண்டபம், வயல், ஊர்க்கிணறு, முன்னோர் கல்லறை இருக்கும் குன்று என்று குறிகள் வேறு பக்கம் போகலாம். கல்லறையும் வீட்டின் உள்முற்றமும் பயணிகள் பார்க்கக் கூடாதவை என்று அவர்கள் சொன்னால், அறிக்கையில் அந்த வெற்றிடத்தைக் குறையாக எழுதாதீர்கள். அது வெற்றிடமாகவே இருக்க வேண்டிய இடம்.

களப்பணிக்கு மொத்தம் 12 நாள் வையுங்கள்: நடைக்கு இரண்டு, படமும் வரைதலும் நான்கு, சீரான படம் எடுக்க ஒன்று, வினாத்தாள் நான்கு, ஊராருக்கு ஒன்று. படத்துக்கும் வினாத்தாளுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும், குறியிடலும் இணையச் சொற்களும் முடிந்தால்தான் தாளை அச்சடிக்க முடியும். வசந்தத்தில் செய்தால், அறுவடை முடிந்தபின் படங்களை மட்டும் இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். வயல் காய்ந்து மூங்கில் தட்டுகள் வெளியே வரும்போது, அதே 36 அட்டைகள் வேறு ஊரைக் காட்டும்.